கையம்மா பார்த்த திசை

அந்த ஏரியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனேக்கல் தாண்டி, தளி போகிற சாலையில் ஓரிடத்தில் பிரிய வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். அதுவே கொஞ்சம் அதிகம்தான்.

நானும் என் மனைவி அனுஷாவும் சந்தாபுராவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான் விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவன். கன்னடமும் தமிழும் ஒன்றுபோலவே என் வாயில் வரும். அனு திருப்பத்தூர்க்காரி. வேலைக்காக பெங்களூர் வந்தவள். ஒரே கம்பெனியில் இருந்தோம், பழகினோம், கல்யாணம் செய்துகொண்டோம். ஆறு வருஷம் ஆகிறது.

கொரோனா சமயத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததில், ஊரடங்கு தளர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போக ஆரம்பித்தோம். முதலில் சும்மா ஒரு சுற்று, எங்காவது தட்டு இட்லி, திரும்பி வருவது. அப்போதுதான் அனுவிடம் அப்படியொரு கண் இருப்பது எனக்குத் தெரிந்தது. ஓடுகிற காரிலிருந்தே கல்லைப் பார்த்துவிடுவாள். நான் அறுபதில் போய்க்கொண்டிருப்பேன். "நிறுத்து, நிறுத்து!" என்பாள். பின்னால் வந்துபார்த்தால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், குப்பைக்கு நடுவே, முக்கால்வாசி மண்ணில் புதைந்த நடுகல் ஒன்று நிற்கும். ஒரு கிராமத்தில் துணி துவைக்கிற கல்லைத் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். கீழ்ப்பக்கத்தில் ஒருவன் புலியைக் குத்திக்கொண்டிருந்தான். கூரையில்லாத வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா, சுங்கம் வசூலித்த கல்கட்டடம், பிளாஸ்டிக் நிரம்பிய படிக்கிணறு என்று நூற்றிருபது இடங்களுக்கு மேல் பார்த்திருப்போம்.

இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற புட்டி ஒன்று அவள் பையில் எப்போதும் இருக்கும். கல்லில் தண்ணீரைத் தெளித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பாள். வெறும் கல்லாக இருந்ததில் மூக்கு தெரியும், வாள் தெரியும், ஒரு நாய் தெரியும். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கத்தான் நான் அத்தனை தூரம் கார் ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பார்த்ததையெல்லாம் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தில் எழுதினாள். இருபத்து மூவாயிரம் பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள். அவளுக்கு அது பெருமை. எனக்கும்தான்.

அந்த இடத்தை நாங்கள் கண்டுபிடித்தது போன வருஷம் ஜூலையில். ஏரிக்கரை மேலே மண்பாதை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கேழ்வரகு வயல். பாதை முடிகிற இடத்தில் உண்ணிச்செடிப் புதருக்குள் நான்கு தூண் மண்டபம். கூரைக்கல் இரண்டாக வெடித்து, வெடிப்பில் ஆலங்கன்று முளைத்திருந்தது. உள்ளே இடுப்புயரக் கல் ஒன்று. புடைப்பாக ஒரு பெண். வலது கையை முழங்கையில் மடித்து மேலே தூக்கியிருந்தாள். உள்ளங்கையில் ஓர் எலுமிச்சம்பழம். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கல்லிலேயே வளையல்கள். தலைக்கு மேல் சூரியன், சந்திரன்.

"மாஸ்திக்கல், ஹரி," என்றாள் அனு என்னிடம். குரல் இறங்கிவிட்டது. கணவன் சண்டையில் செத்தபோது கூடவே தீயில் இறங்கியவளுக்கு நட்ட கல். இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. ஆனால் இவ்வளவு தெளிவான முகத்தோடு நாங்கள் பார்த்ததில்லை. காலடியில் நிஜமான பச்சைக் கண்ணாடி வளையல்கள் குவிந்து கிடந்தன. தரை பெருக்கியிருந்தது.

அனு தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, யார், என்ன செய்கிறீர்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கன்னடத்தில் கேட்டது.

"யாரு நீவு? ஏன் மாடுதீரா?"

தலையில் புல்கட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கையில் அரிவாள். நான் கன்னடத்தில் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள், அனு என்னிடம் தமிழில் ஏதோ கேட்டதை அந்தப் பெண் கவனித்துவிட்டாள்.

"தமிழா நீங்க?" புல்கட்டை இறக்கி வைத்தாள். "எங்கம்மா வூடு தேன்கனிக்கோட்டை. இங்க கட்டிக் குடுத்துட்டாங்க." எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "நிதிக்காரங்களா?"

"அப்படின்னா?" என்றாள் அனு.

"நிதின்னா பொதையல் அக்கா. தோண்ட வருவாங்கல்ல."

அனு சிரித்துவிட்டாள். "எங்களப் பாத்தா அப்படியா இருக்கு? நாங்க போட்டோ எடுக்கறவங்க."

அவள் பெயர் மமதா. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒன்பது வீடு கொண்ட சின்ன ஊர். கணவன் முனிராஜு ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். தினமும் மண்டபத்தைப் பெருக்கி, வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைப்பது அவள்தான். ஊரில் அந்தக் கல்லுக்குக் கையம்மா என்று பெயர். அவள் யார், எந்தக் காலத்தவள் என்று மமதாவுக்குத் தெரியாது. "எங்கள மாதிரி ஒரு பொம்பள. தீயில எறங்கிட்டா. அவ்வளவுதான் தெரியும்."

புறப்படும்போது அனு போனைக் காட்டினாள். "மமதா, இத நான் நெட்டுல போடலாமா?"

"போட்டோ போட்டுக்கோங்க. எங்கன்னு மட்டும் போடாதீங்க அக்கா. அப்புறம் கண்டவங்க வருவாங்க."

"போட மாட்டேன். சத்தியமா."

மமதா தலையசைத்துவிட்டுப் புல்கட்டைத் தூக்கிக்கொண்டாள். தூக்கிவிட நான்தான் கை கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். பொதுவாக ஓர் இடத்துக்கு இரண்டு முறை போகமாட்டோம். அந்த முகத்தைக் காலை வெயிலில் எடுக்க வேண்டும் என்றாள் அனு. மமதா எங்களைப் பார்த்ததும் வீட்டிலிருந்து சொம்பில் காபி கொண்டுவந்தாள். மண்டபத்துக்கு எதிரே பத்தடி தள்ளி ஒரு புங்கமரம். நிழல் நன்றாக இருந்ததால் அனு டம்ளரை வாங்கிக்கொண்டு அங்கே உட்காரப் போனாள்.

"அங்க வேணாம் அக்கா," என்றாள் மமதா. "இப்படி வாங்க."

பிறகுதான் கவனித்தோம். மரத்தடியில் சிறுசிறு கற்கள். கைக்குள் அடங்குகிற கல், செங்கல் துண்டு, ஒரு இடத்தில் உடைந்த ஆட்டுக்கல். ஏழெட்டு இருக்கும். அவற்றில் ஒன்றின் மேல் மட்டும் மஞ்சள் பூசியிருந்தது.

"சின்னக் கொழந்தைங்கள எங்க ஊர்ல சுடுகாட்டுக்குக் கொண்டுபோறதில்ல," என்றாள். "இங்கதான். கையம்மா பாக்கற எடத்துல வச்சிட்டா அவ பாத்துக்குவான்னு சொல்றாங்க." மஞ்சள் பூசிய கல்லைக் கையால் காட்டினாள். "அது என்னுது. ஹர்ஷிதா. பதினோரு மாசம். காய்ச்சல் வந்துச்சு, மூணு நாள்."

அனு டம்ளரோடு நின்றாள்.

"எப்போ மமதா?"

"வர்ற சிவராத்திரி வந்தா ரெண்டு வருசம்."

காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றாள். பிறகு தன்னைக் கையம்மாவோடு ஒரு படம் எடுத்துத் தரும்படி கேட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு கல்லுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். அனு ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த முதல் படம் இதுதான் என்றாள் மமதா. பிரிண்ட் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அந்த வாரம் அனு கையம்மாவைப் பற்றி எழுதினாள். இடம் சொல்லவில்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை, அவ்வளவுதான். குழந்தைகளைப் பற்றியும் எழுதவில்லை. அவள் எழுதியதிலேயே அதைத்தான் நிறையப் பேர் படித்தார்கள். எங்கே, எங்கே என்று நானூறு பேர் கேட்டார்கள். அனு யாருக்கும் சொல்லவில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் அவள் யாருக்குமே சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில், ஜே.பி. நகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் டிரோன் வைத்து எடுத்த வீடியோ ஒன்றைப் போட்டான். ஏரி, மண்டபம், கையம்மா. 'இணையத்தில் முதல் முறையாக, எங்கள் கண்டுபிடிப்பு' என்று தலைப்பு. அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியாது. அவனும் இடத்தைச் சொல்லவில்லை. ஒருநாளில் லட்சம் பேர் பார்த்தார்கள். அனுவின் பக்கத்தில் யாரோ வந்து, 'நீங்கள் அவர்களுடைய படத்தைத் திருடினீர்களா?' என்று கேட்டிருந்தார்கள்.

ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்திருக்கிறாள். நான் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். போனில் கூப்பிட்டாள்.

"நாம ஜூலையிலயே போயிட்டு வந்தோம் ஹரி. அந்தப் பொதருக்குள்ள கைய கிழிச்சுக்கிட்டு போனது நான். இவன் மேலேர்ந்து பறக்க விட்டுட்டு கண்டுபிடிச்சேங்கறான்."

"விடு அனு. யாரு கவலைப்படறா?"

"நான் கவலைப்படறேன்."

எனக்கு அப்போது மீட்டிங். அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் அவள் போட்டதைப் பார்த்தேன். ஜூலை மாதத் தேதியோடு எடுத்த படங்கள். கூடவே மேப்பில் குத்திய புள்ளி. 'முதலில் வந்தது யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தாள். அவள் அப்போதுதான் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தாள். நான் போனைக் காட்டினேன்.

"அனு, இடத்தப் போட்டிருக்க."

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே அதை அழித்தாள்.

"ஆறு மணி நேரம் இருந்திருக்கு," என்றாள். "பரவாயில்லல்ல? ஆறு மணி நேரம்தானே?"

"பரவாயில்ல," என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாளில் மறந்தும் போனோம்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, மமதாவின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். பனி இன்னும் விலகவில்லை. வழியெல்லாம் அனு சந்தோஷமாக இருந்தாள். படத்தைப் பார்த்து மமதா என்ன சொல்வாள் என்று அவளைப் போலவே பேசிக் காட்டினாள்.

கரையிலிருந்தே தெரிந்தது. உண்ணிச்செடிப் புதர் மொத்தமும் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. மண்டபத்துக்குள் ஒரு குழி. கையம்மா குப்புறக் கிடந்தாள். அனு ஓடினாள். மண்டபத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில், இன்னும் பெரிய இரண்டு குழிகள். ஆளுயரம் இருக்கும். வேர்களை வெட்டியிருந்தார்கள். மண் இரு பக்கமும் மேடாகக் கிடந்தது. சின்னக் கற்கள் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. குழி ஓரத்தில் எலுமிச்சம்பழத் துண்டுகள், குங்குமம், ஒரு கோழியின் இறகுகள்.

நாங்கள் ஊருக்குள் போனோம். முனிராஜுவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். என்னிடம் கன்னடத்தில் சொன்னான். ஒன்பது நாளாகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்யாணத்துக்கு ஊரே போயிருந்தபோது நடந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் இப்படி. போலீஸ் வந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், குழியை அளந்தார்கள். ஜீப் தடம் இருந்ததாம்.

மமதா வீட்டுக்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அனுவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாள் மண்ண சலிச்சேன் அக்கா," என்றாள். "கேழ்வரகு சலிக்கற சல்லடையில. அவங்கவங்க அவங்கவங்க கொழந்தைய தேடுனோம். எது யாருதுன்னு எப்படித் தெரியும்? எனக்கு வளையல் கெடச்சுது. கருப்பு வளையல், நான் போட்டது. அதுக்குக் கிட்ட இருந்தத எல்லாம் என்னோடதுன்னு எடுத்துக்கிட்டேன்." உள்ளே பரண் மேல் மஞ்சள் துணி கட்டிய சின்ன மண்சட்டி இருந்தது. அவள் அதைக் காட்டவில்லை. அவள் கண் போன இடத்தை நாங்களாகப் பார்த்தோம்.

"யாரு சொன்னாங்களோ தெரியல," என்றாள். "நிதி தோண்டறவங்க சொல்லுவாங்களாம், அம்மன் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம்தான் நிதி இருக்கும்னு. போலீஸ்காரர் சொன்னாரு. அதான் அங்க தோண்டியிருக்காங்க."

அனுவின் கையை நான் பார்த்தேன். மமதாவின் கைக்குள் அது அப்படியே உயிரில்லாமல் இருந்தது. நான்தான் ஏதேதோ சொன்னேன். பிரிண்ட் போட்ட படம் காரிலேயே கிடந்தது.

திரும்பி வரும்போது ஆனேக்கல் தாண்டினோம். பிறகு நான் ஆரம்பித்தேன்.

"நம்மளாலதான்னு சொல்ல முடியாது அனு. அந்த டிரோன் வீடியோவ லட்சம் பேர் பாத்திருக்காங்க. ஏரிய பாத்தே கண்டுபிடிச்சிருக்கலாம். நீ போட்டத ஆறு மணி நேரத்துல எத்தனை பேர் பாத்திருப்பாங்க?"

"காரை நிறுத்து."

ஓரமாக நிறுத்தினேன். அவள் போனில் எதையோ தேடி என்னிடம் நீட்டினாள். அக்டோபர் மாதச் செய்தி ஒன்று. அவள் இடத்தைப் போட்ட அன்று மத்தியானம் இரண்டே முக்காலுக்கு வந்தது. படமில்லாத, பெயர் தெரியாத ஒரு கணக்கு. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'அருமையான பதிவு மேடம். அம்மன் எந்தத் திசை பார்த்து இருக்கு?'

அதற்குக் கீழே அனுவின் பதில்.

'நன்றிங்க! வடகிழக்கு. எதிரே ஒரு புங்கமரம் இருக்கும், நேரா அதைப் பார்த்து இருக்காங்க. மிஸ் பண்ணாம பாருங்க.'

"ஆராய்ச்சி பண்றவர்னு நெனச்சேன்," என்றாள். "திசை கேட்டாரேன்னு சந்தோஷப்பட்டேன் ஹரி. யாருமே அப்படிக் கேக்க மாட்டாங்க."

லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் நான் சொன்னது இதுதான்: "அவளுக்குத் தெரிய வேண்டாம் அனு. தெரிஞ்சா அவளுக்கு என்ன லாபம்? அவ உன்னைத்தானே நம்பறா. அதுவும் போயிடும்."

அனு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். செவ்வாய்க்கிழமை இன்ஸ்டாகிராம் பக்கத்தை மூடினாள். மூடுவதற்கு முன் அந்தச் செய்தியை மட்டும் படமெடுத்து வைத்துக்கொண்டாள். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, என்னிடம் சொல்லாமல், அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தாள். கன்னடம் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் மரியாதையாகவே நடத்தியதாகச் சொன்னாள். அந்தக் கணக்கைப் பார்த்தபோது அது முன்பே அழிக்கப்பட்டிருந்தது. விசாரிக்கிறோம் என்றார்களாம். இன்றுவரை யாரும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, "நான் மமதாகிட்ட போறேன். நீ வர்றியா, இல்ல ஆட்டோ பிடிச்சுப் போகட்டுமா?" என்றாள். நான் சாவியை எடுத்தேன்.

மமதா மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அனு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அந்தப் பையனின் வீடியோ, தனக்கு வந்த ஆத்திரம், மேப்பில் குத்திய புள்ளி, ஆறு மணி நேரம், திசை கேட்டவனுக்குச் சொன்ன பதில். போனை நீட்டிக் காட்டவும் செய்தாள். மமதாவுக்குத் தமிழ் படிக்க வராது, ஆங்கில எழுத்தும் வராது. அதனால் அந்தப் பதிலை அனுவே சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. 'மிஸ் பண்ணாம பாருங்க' என்பதுவரை படித்தாள்.

மமதா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"யாரு மொதல்ல வந்தாங்கன்னு காட்டறதுக்கா?" என்று கேட்டாள். உண்மையிலேயே புரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"ஆமா."

"மொதல்ல வந்தா என்ன அக்கா கெடைக்கும்?"

அனு போனைத் தாழ்த்தினாள்.

"நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன் ஒங்ககிட்ட." மமதாவின் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு ஒங்களப் பாத்து நிதிக்காரங்களான்னு கேட்டேன். சிரிச்சீங்க."

"மமதா..."

"என் கொழந்த அங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்ல. ஒங்களுக்குத் தெரியும்."

அதைச் சொன்னபோதுதான் அவள் முகம் உடைந்தது. அனு அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். மமதா பின்வாங்கி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அனு அந்தக் கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வெளியே வந்து, என்ன ஏது என்று கேட்காமல், பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முனிராஜு எங்களோடு கார்வரை நடந்து வந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளும் மனநிலையில்தான் இருந்தேன். அவன் தரையைப் பார்த்தபடி கன்னடத்தில் சொன்னான். வியாழக்கிழமை அரசாங்கத்து ஆட்கள் வந்து கல்லை எடுத்துப் போகிறார்கள். இங்கே விட்டால் மறுபடி வருவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். கல் போகிற அன்றைக்கே குழந்தைகளைத் திரும்ப வைக்கப்போகிறோம். அங்கே இல்லை, அவரவர் வயலில்.

"நீங்க வர வேண்டாம்," என்றான். பிறகு, அது கடுமையாகப் பட்டதோ என்னவோ, "மேடம்கிட்ட சொல்லுங்க. மமதாவால அவங்க முகத்தப் பாக்க முடியாது," என்றான்.

வியாழக்கிழமை இருவரும் லீவு போட்டோம். வரவேண்டாம் என்று சொன்னது தெரியும். "ஊருக்குள்ள போக மாட்டேன். ரோட்டுலயே இருக்கேன்," என்றாள் அனு. ஏரிக்கரைப் பாதை தொடங்குகிற இடத்தில் காரை நிறுத்தினேன். அங்கிருந்து ஊர் தெரியாது. கேழ்வரகு அறுத்து முடித்த வயல்களும் தூரத்தில் புங்கமரத்தின் உச்சியும் தெரிந்தன. காலை ஒன்பதிலிருந்து உட்கார்ந்திருந்தோம். ஒருமுறை பறை போல ஒரு சத்தம் கேட்டது, உடனே நின்றுவிட்டது. அனு காருக்குள்ளேயே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

பதினொன்றரைக்கு முனிராஜு தோளில் மண்வெட்டியோடு நடந்து வந்தான். வேட்டியெல்லாம் ஈரமண். எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"காரைக் கொஞ்சம் பின்னால எடுங்க. டிராக்டர் வருது. வழி பத்தாது."

நான் ரிவர்ஸ் எடுத்தேன். பாதை குறுகல், ரொம்ப தூரம் பின்னால் போக வேண்டியிருந்தது. டிராக்டர் மெதுவாக வந்தது. டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் கையம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். தூக்கிய கை மணிக்கட்டோடு உடைந்திருந்தது. உடைந்த துண்டு கோணிப்பையில் சுற்றிப் பக்கத்தில் இருந்தது. பின்னால் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர், தலை நனையக் குளித்துவிட்டு வந்தவர்கள். மமதாவும் அவர்களோடு வந்தாள். சாலையில் ஏறுகிற மேட்டில் டிரெய்லர் குலுங்கியதும், "மெல்ல, மெல்ல" என்று ஓட்டுகிறவனைப் பார்த்துக் கத்தினாள்.

அனு கண்ணாடியை இறக்கினாள். மமதா எங்களைப் பார்த்தாள். பார்த்தது நிச்சயம். பிறகு மற்றப் பெண்களோடு திரும்பி ஏரிக்கரை மேல் நடந்து போனாள்.

"அது எங்க போகுதுன்னு பாக்கணும்," என்றாள் அனு.

டிராக்டர் பின்னாலேயே போனோம். அது பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த எல்லோரும் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் ஓர் அரசு அலுவலக வளாகத்துக்குள் திரும்பியது. காம்பவுண்டுச் சுவரோரம் தகரக் கூரை போட்ட இடத்தில் ஏற்கெனவே முப்பது நாற்பது கற்கள் அடுக்கியிருந்தன. வீரர்கள், காளைகள், தலையில்லாத நந்திகள், வேறு ஊர்களின் வேறு பெண்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர்.

நான்கு பேர் கயிறு கட்டிக் கையம்மாவை இறக்கினார்கள். இடம் இருந்த மூலையில், சுவரைப் பார்த்தபடி நிறுத்தினார்கள்.

அனு காரிலிருந்து இறங்கிப் போனாள். தனக்குத் தெரிந்த கன்னடத்தில் அவர்களில் வயதானவரிடம் கேட்டாள், முகம் வெளியே தெரிகிற மாதிரித் திருப்பி வைக்க முடியுமா என்று. அவர் தலைத்துண்டை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவள் தடுமாறுவதைப் பார்த்துத் தமிழிலேயே பதில் சொன்னார்.

"திருப்புனா பக்கத்துக் கல்லுல இடிக்கும்மா. ஜாகா இல்ல. அடுத்த மாசம் புது ஷெட்டு கட்றாங்க, அப்ப பாக்கலாம்."

அவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். டிராக்டரும் போயிற்று. அனு கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடைவெளியில் ஒடுங்கி நுழைந்து அந்த முகத்துக்கு எதிரே நின்றாள். அவள் முதுகு சுவரில் உரசியது. ஏதோ சொன்னாள். நான் இருந்த இடத்துக்குக் கேட்கவில்லை. வாட்ச்மேன் வந்து, சாப்பாட்டு நேரம், கேட்டைச் சாத்த வேண்டும் என்று சொல்கிறவரை அவள் வெளியே வரவில்லை.